உப்பு வெளியும் திறந்த வண்டியும்: நில வேகப் பந்தய ரோட்ஸ்டருக்கு உடலமைப்பைத் தெரிவுசெய்தல்

(பொரளையில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நேரான, தட்டையான, நீண்ட வெளியொன்றில் வண்டி ஒன்று தனித்து ஓட, முன்கூட்டியே அளந்து குறிக்கப்பட்ட ஒரு மைல் தூரத்தை அது எத்தனை செக்கனில் கடக்கிறது என்பதைக் கொண்டு அதன் கதியைக் கணிக்கும் போட்டி நில வேகப் பந்தயம் எனப்படும். அருகே ஓடும் போட்டியாளரோ, வளைவுகளோ, முந்திச் செல்லும் சாதுரியமோ இதில் இல்லாமையால், வண்டியை மறித்து நிற்கும் பெரும் விசையாகக் காற்றே எஞ்சுகிறது. இப்போட்டியின் பல பிரிவுகளுள் ரோட்ஸ்டர் வண்டிகளுக்கான பிரிவு தனிக் கவனத்துக்கு உரியது. ரோட்ஸ்டர் என்பது நிலையான கூரையும் பக்கக் கண்ணாடிகளும் இன்றி, ஒரே வரிசை இருக்கையோடு, 1920களிலும் 1930களிலும் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட திறந்த காராகும். காற்றை ஊடறுப்பதற்கு இதைவிடப் பொருத்தமற்ற வடிவத்தைக் காண்பது அரிது. ஆயினும், 1937ஆம் ஆண்டில் தென் கலிபோர்னிய நேரக்கணிப்புச் சங்கம் உருவான நாள் முதலாக, அந்தத் திறந்த வண்டியைக் கொண்டே மேலும் மேலும் விரைந்தோட முயல்வோரின் வரிசை இன்றுவரை அறுபடவில்லை. அவர்களுள் பலருக்கு மணிக்கு 200 மைல், அதாவது சுமார் 320 கிலோமீற்றர், என்பதே இலக்கு. அத்தகைய வண்டிக்கு எந்த உடலமைப்பைத் தெரிவுசெய்வது, எந்தக் காரணங்களை முன்வைத்துத் தெரிவுசெய்வது என்பதே இவ்வுரையின் பொருள்.

இப்பொருள் கொழும்புக்கு அந்நியமானது எனக் கருதத் தேவையில்லை. பொரளைக்குச் சிறிது தொலைவில் உள்ள பழைய குதிரைப் பந்தயத் திடல் இரண்டாம் உலகப் போரின்போது விமான ஓடுதளமாக மாற்றப்பட்டது. 1942 ஏப்ரல் 5ஆம் நாள் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது ஹரிக்கேன் போர் விமானங்கள் அத்திடலிலிருந்து எழுந்து எதிர்கொண்டன. களுத்துறைக்கு அண்மையில், கட்டுக்குருந்தையில், பிரித்தானியக் கடற்படை அதே போருக்காக அமைத்த ஓடுதளம் பின்னாளில் மோட்டார் ஓட்டப் போட்டிகளின் களமாயிற்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் கைவிடப்பட்ட போர்க்கால ஓடுதளமும் அவ்வாறே பல பத்தாண்டுகள் பந்தயத் திடலாக விளங்கி, இருங்காட்டுக்கோட்டையில் புதிய தடம் அமைந்த பிறகே ஓய்ந்தது. போர் எங்கெல்லாம் கொங்கிரீட் ஓடுதளத்தை விட்டுச்சென்றதோ அங்கெல்லாம் வேகத்தில் ஆர்வமுள்ள இளைஞர் கூடினர் என்பது அக்காலத்தின் பொது வரலாறு. கலிபோர்னியாவில் போர் விட்டுச்சென்ற பொருளோ இன்னும் விந்தையானது. போர் விமானங்களின் வயிற்றில் தொங்கவிடப்பட்டு, எரிபொருள் தீர்ந்ததும் கழற்றி எறியப்படும் அலுமினியத் தாங்கிகளைப் பசிபிக் போர்முனையில் கண்ட பில் பேர்க் என்பவர், போர் முடிந்ததும் 1946இல் அத்தகைய தாங்கி ஒன்றை வாங்கி, அதனுள் இயந்திரத்தையும் இருக்கையையும் பொருத்தி, சக்கரங்கள் வெளியே நிற்க ஓடவிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் இவ்வடிவம் பரவியது. அலெக்ஸ் சிடியாஸ் என்பவரின் பட்டறையில் லைட்னிங் விமானத்தின் தாங்கியைக் கொண்டு உருவான வண்டி 1952இல் யூட்டா மாநிலத்தின் பொன்வில் உப்பு வெளியில் மணிக்கு 198 மைல் ஓடியது. துளிவடிவத் தாங்கி இத்தனை எளிதாக வழங்கிய வேகத்தை, நிமிர்ந்து நிற்கும் பெட்டி போன்ற ரோட்ஸ்டரிலிருந்து பெறுவதற்குப் பன்மடங்கு சிந்தனை வேண்டும் என்பதாலேயே ரோட்ஸ்டரின் உடலமைப்பு ஆராயத் தக்கதாகிறது.

இலங்கையின் பந்தய மரபு வேறொரு திசையில் வளர்ந்தது. 1934ஆம் ஆண்டு முதல் நுவரெலியாவில் நடைபெற்றுவரும் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி இந்நாட்டின் மோட்டார் விளையாட்டுக்கு அடித்தளமிட்ட நிகழ்வுகளுள் ஒன்று. அங்கு வளைவுக்கு வளைவு வேகம் குறைந்து மீண்டும் கூட வேண்டியிருப்பதால், வண்டியின் திணிவைக் குறைப்பதே வண்டியமைப்போரின் முதல் அக்கறையாக இருந்துவந்துள்ளது. உப்பு வெளியிலோ இந்த அறிவைத் தலைகீழாக்க வேண்டியிருக்கிறது. வேகத்தைக் கூட்டுவதற்குப் பல கிலோமீற்றர் தூரம் கிடைப்பதால் திணிவு அங்கே பெரிய பகையன்று. சக்கரங்கள் வழுக்காமல் இருப்பதற்காக ஈயக் கட்டிகளை வேண்டுமென்றே ஏற்றுவதும் உண்டு. மலைநாட்டுப் பயிற்சியோடு உப்பு வெளியை நினைப்பவர் முதலில் கைவிட வேண்டியது, பாரம் குறைந்ததே விரைவானது என்ற நம்பிக்கையை.

காற்றுத்தடையின் கணக்கு எளியது. அதன் விளைவு கடுமையானது. வண்டியை எதிர்க்கும் விசை நான்கு அளவுகளைப் பொறுத்தது: காற்றின் அடர்த்தி, வண்டியை நேர் முன்னாலிருந்து பார்க்கையில் தெரியும் நிழலுருவின் பரப்பு (இதனை முன்முகப் பரப்பு எனலாம்), வடிவத்தின் தன்மையைக் குறிக்கும் தடைக் குணகம், கதியின் வர்க்கம். முதல் மூன்றையும் கதியின் வர்க்கத்தையும் பெருக்கிப் பாதியாக்கினால் விசை கிடைக்கும். அவ்விசையைக் கதியால் மீண்டும் பெருக்கினால், காற்றை விலக்குவதற்கு மட்டும் இயந்திரம் தர வேண்டிய வலு கிடைக்கும். ஆகவே விசை கதியின் வர்க்கத்தோடும், வலு அதன் கனத்தோடும் ஏறுகின்றன. 1.4 சதுர மீற்றர் முன்முகப் பரப்பும் 0.6 தடைக் குணகமும் உடைய திறந்த வண்டியொன்றை எடுத்துக்கொள்ளலாம். பொரளைச் சந்தியின் நெரிசலில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் அது ஊரும்போது காற்று அதனைத் தடுக்கும் விசை ஏறத்தாழ 15 நியூற்றன், அதாவது ஒன்றரைக் கிலோ அரிசியின் நிறை. அதே காற்றில் அதே வண்டி மணிக்கு 320 கிலோமீற்றர் ஓடுமாயின், கதி 16 மடங்காவதால் தடை 256 மடங்காகி 3,800 நியூற்றனை எட்டும். தேவைப்படும் வலு 4,096 மடங்காகிச் சுமார் 455 பரிவலுவாகும்.

பொன்வில் உப்பு வெளி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,280 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்குள்ள காற்று கொழும்பின் காற்றைவிட ஐதானது. கன மீற்றருக்குக் கொழும்பில் சுமார் 1.15 கிலோகிராமாக உள்ள அடர்த்தி, கோடை நாளொன்றில் அங்கே ஒரு கிலோகிராம் அளவுக்கு இறங்குகிறது. எனவே தடை 3,300 நியூற்றனாகவும் தேவையான வலு 395 பரிவலுவாகவும் குறைகின்றன. சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவின் காற்று பொன்வில்லின் காற்றைவிடவும் சற்று ஐதானது என்பதை மலையேற்றப் போட்டியாளர்கள் தம் இயந்திரங்களின் களைப்பிலிருந்து அறிந்தே இருப்பர். காற்றில் குறைந்த ஒட்சிசன் இயந்திரத்தின் வலுவையும் உடன் குறைத்துவிடுகிறது.

இக்கணக்கின் உட்பொருள் உடலமைப்பைத் தெரிவுசெய்பவருக்கு மிக முக்கியமானது. முன்முகப் பரப்பையும் தடைக் குணகத்தையும் பெருக்கிவரும் எண்ணை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், இயந்திரத்தின் வலுவை 25 வீதம் கூட்டியதற்கு ஒப்பான பயன் கிடைக்கிறது. மணிக்கு 320 கிலோமீற்றர் ஓடிய வண்டி 345ஐ நெருங்கும். வலுவை 25 வீதம் கூட்டுவது பணத்தையும் இயந்திரத்தின் ஆயுளையும் ஒருங்கே தின்னும் வேலை. வடிவத்தில் கிடைக்கும் ஆதாயமோ ஒவ்வோர் ஓட்டத்திலும் செலவின்றித் திரும்பக் கிடைக்கும். பட்டறைகளில் இயந்திரத்துக்குக் கிடைக்கும் மரியாதையின் பாதியேனும் தகட்டு வேலைக்குக் கிடைக்க வேண்டும் என்று கோருவதற்கு இந்த ஒரு கணக்கே போதிய நியாயம்.

இனி, வடிவம் எவ்வாறு தடையை உண்டாக்குகிறது என்பதை நோக்க வேண்டும். காற்று பொருளொன்றைச் சுற்றி ஒழுங்கான படைகளாகச் செல்லும் நிலையை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் அருவிக்கோட்டுப் பாய்ச்சல் என அழகாகக் குறிக்கின்றன. பொருளின் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றுப் படை, பிசுக்குமை காரணமாக வேகம் குன்றிச் செல்கிறது. 1904இல் லுட்விக் பிராண்டில் என்ற செருமானிய அறிஞர் விளக்கிய இப்படை எல்லைப்படை எனப்படுகிறது. பொருளின் பருமன் கூடிக்கொண்டு போகும் முன்பகுதியில் எல்லைப்படை இடரின்றி ஒட்டிச் செல்லும். பருமன் குறையத் தொடங்கும் பின்பகுதியிலோ அமுக்கம் மீண்டும் உயர்வதால், முன்னரே களைத்த அப்படை மேட்டில் ஏற முடியாதது போலத் தயங்கி, மேற்பரப்பை விட்டுப் பிரிந்து, சுழல்களாக உடைகிறது. பிரிந்த இடத்துக்குப் பின்னே தாழ்ந்த அமுக்கமுள்ள சுழல்வெளி ஒன்று உருவாகி, வண்டியைப் பின்னோக்கி இழுக்கிறது. காற்றுத்தடையின் பெரும்பங்கு முன்முகத்தில் மோதும் காற்றால் வருவதாகவே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், ஓரளவு உருண்ட முன்பகுதியே போதுமானது, பின்பகுதியைக் காற்று எவ்வளவு தூரம் ஒட்டிச் செல்கிறது என்பதே கணக்கைத் தீர்க்கிறது.

கடலோரத்தவர்க்கு இது புதிய அறிவன்று. 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலைக் கட்டிய வல்வெட்டித்துறை மேத்திரிமார், அணியத்தைக் கூர்மையாக்குவதோடு நின்றுவிடாமல் நீர் கலங்காமல் மீண்டும் கூடுமாறு பின்பகுதியையும் ஒடுக்கும் கலையைக் கைப்பழக்கமாக அறிந்திருந்த மரபினர். மோட்டார் வண்டிக்கு இதே தேவையை 1920களில் போல் யாரை என்பவர் துளிவடிவத்தால் நிறைவேற்ற முயன்றார். ஆனால் துளியின் நீண்ட வால் சாலைக்கு ஒவ்வாமையால், 1930களில் ஸ்டுட்கார்ட்டில் பணியாற்றிய வூனிபால்ட் காம், வாலைப் படிப்படியாக ஒடுக்கிச் சென்று, காற்று இனிமேல் பிரிந்தே தீரும் என்ற இடத்தில் செங்குத்தாக வெட்டிவிடுவது பயனளிக்கும் என்று காட்டினார். நான்கு இயந்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, ஒல்லியான நீண்ட உடலோடு 1965இல் மணிக்கு 409 மைல் ஓடிய கோல்டன்ராட் வண்டியின் தடைக் குணகம் ஏறத்தாழ 0.12. திறந்த ரோட்ஸ்டர் அந்த எண்ணைக் கனவிலும் எட்டாது. அதன் நிமிர்ந்த குளிராக்கி முகம், இயந்திர மூடிக்குப் பின்னே எழும் தோள், பள்ளமான இருக்கைக் குழி, வெளியே நிற்கும் நான்கு சக்கரங்கள் ஆகிய ஒவ்வொன்றும் காற்றைப் பிரித்துச் சுழலாக்கும் விளிம்புகள்.

சக்கரங்களைப் பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். தரையைத் தொடும் புள்ளியில் ரயர் கணநேரம் அசைவற்று நிற்க, அதன் உச்சி வண்டியின் கதியைப் போல் இருமடங்கு கதியில் முன்னோக்கி விரைகிறது. வண்டி மணிக்கு 320 கிலோமீற்றர் ஓடினால் உச்சி 640 கிலோமீற்றர் வேகத்தில் காற்றை எதிர்க்கிறது. ஒடுங்கிய ரயர்களும், சக்கரத்தின் ஆரங்களை மறைக்கும் வழுவழுப்பான அலுமினியத் தட்டுக்களும் உப்பு வெளி வண்டிகளில் தவறாது காணப்படுவதன் காரணம் இதுவே.

ரோட்ஸ்டர் பிரிவில் எந்த உடல் என்ற வினாவுக்கு விடை காணுமுன், விதிகளின் போக்கை அறிய வேண்டும். சக்கரங்களை மூடிய முழு அருவிவடிவ வண்டிகள் ஒரு பிரிவு. பேர்க்கின் தாங்கி வண்டி போல, உடல் எவ்வடிவிலும் அமையலாம் ஆனால் சக்கரங்கள் மூடப்படலாகாது என்பது மற்றொரு பிரிவு. இவற்றிலிருந்து வேறுபட்டு, ரோட்ஸ்டர் பிரிவுகள் அமெரிக்கத் தொழிற்சாலையொன்றில் உருவான பழைய திறந்த உடலை அதன் மூல உருவத்தோடு வைத்திருக்குமாறு கோருகின்றன. உடலை ஒடுக்குவதோ உயரத்தைக் குறைப்பதோ அனுமதிக்கப்படாமையால், முதலில் தெரிந்துகொண்ட உடலின் அகலமும் உயரமும் வண்டியின் ஆயுள் முழுவதும் கூடவே வரும். மாற்றப்பட்ட ரோட்ஸ்டர் எனப்படும் பிரிவு மட்டும் இயந்திரத்தைப் பின்தள்ளி வைக்கவும், இருக்கைக்கு முன்னுள்ள பகுதிக்குப் புதிய முகம் அமைக்கவும் இடம் தருகிறது.

இந்த எல்லைகளுக்குள் நான்கு உடல்கள் போட்டியிடுகின்றன. ஃபோர்ட் நிறுவனத்தின் ரி மாதிரி, 1927இல் உற்பத்தி முடிவடைந்த அதன் கடைசி வடிவத்தில், மிக ஒடுங்கியதும் சிறியதுமான திறந்த உடலைக் கொண்டது. அடுத்து வந்த ஏ மாதிரியின் 1928, 1929ஆம் ஆண்டு உடல்கள் சற்றுப் பெரியவை, எனினும் தோள் பகுதியில் ஒடுக்கமானவை. வி-8 இயந்திரத்தோடு முதன்முதலாக வந்த 1932ஆம் ஆண்டு ரோட்ஸ்டர் அகலத்தில் கூடியது. 1933, 1934ஆம் ஆண்டு உடல்கள் நீண்டவை, சாய்ந்த முகமுடையவை. இவற்றுள் 1932ஆம் ஆண்டு உடலே உலகெங்கும் பெரிதும் விரும்பப்படுவது; அதன் கோடுகளின் நேர்த்தியை மறுப்பவர் எவருமில்லை. ஆயினும் உப்பு வெளியில் நேரங்காட்டி அழகை அளப்பதில்லை. மூல உருவத்தைக் காக்கும் பிரிவில் 1928–29ஆம் ஆண்டு உடலும், மாற்றப்பட்ட பிரிவில் 1927ஆம் ஆண்டு ரி மாதிரியும் கூடுதல் நியாயம் உள்ள தெரிவுகள். முன்முகப் பரப்பை 1.4 சதுர மீற்றரிலிருந்து 1.1 ஆகவும், புதிய முகத்தால் தடைக் குணகத்தை 0.6இலிருந்து 0.45 ஆகவும் குறைக்க முடிந்ததாக வைத்துக்கொண்டால், 320 கிலோமீற்றர் ஓடவைத்த அதே 395 பரிவலு வண்டியை 380 வரை கொண்டுசெல்லும். உடலின் தெரிவு ஒன்றினால் மட்டும் 60 கிலோமீற்றர் கிடைக்கிறது.

தெரிந்துகொண்ட உடலில் விதி அனுமதிக்கும் அளவுக்குச் செய்யக்கூடிய வேலைகள் பல. முன்கண்ணாடியைக் கழற்றலாம். ஒரு ஓட்டம் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடுவதால் குளிராக்கியையே நீக்கி, நீர் நிரப்பிய தாங்கி ஒன்றால் இயந்திரத்தைக் குளிர்விக்கலாம். அப்போது முன்முகத்தை முற்றாக மூடிவிட முடியும். வண்டியின் அடிப்புறத்தில், அச்சுக்களும் குழாய்களும் காற்றைக் கலக்காதவாறு, தட்டையான தகடு பொருத்தலாம். எல்லாவற்றிலும் பெரிய ஆதாயம் ஓட்டுநரின் இருக்கையில் இருக்கிறது. தலைக்கவசமும் தோள்களும் இயந்திர மூடியின் கோட்டுக்கு மேல் எவ்வளவு எழுகின்றனவோ அவ்வளவும் புதிய முன்முகப் பரப்பு. ஆதலால் முதலில் ஓட்டுநரைத் தரைக்கு எவ்வளவு தாழ்வாக அமர்த்த முடியும் என்று பார்த்து, பின்னர் இயந்திரத்தின் இடத்தை முடிவுசெய்து, அவ்விரண்டையும் சுற்றியே உடலை ஏற்ற வேண்டும். உடலை முதலில் வாங்கி வைத்துவிட்டு அதற்குள் மனிதரைத் திணிப்பதே வழக்கமாக நிகழும் பிழை.

இதுவரை கூறியவை காற்றுத்தடையைப் பற்றியவை. உடலமைப்பின் தெரிவில் இதற்கு மேலாக வைக்கப்பட வேண்டியது நிலைப்பு என்பதே இவ்வுரையின் உறுதியான கருத்து. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றுவோர் எவரும் வாலின்றிப் பட்டம் சுழன்று விழும் என்பதை அறிவர். வால் பட்டத்தைப் பின்னிருந்து இழுத்துப் பிடித்து, காற்றின் திசையோடு ஒழுங்காக நிறுத்துகிறது. ஓடும் வண்டிக்கும் இதுவே விதி. வண்டியின் நிறை முழுவதும் தாக்குவதாகக் கொள்ளத்தக்க புள்ளி புவியீர்ப்பு மையம்; பக்கத்திலிருந்து வீசும் காற்றின் விசை முழுவதும் தாக்குவதாகக் கொள்ளத்தக்க புள்ளி அமுக்க மையம். அமுக்க மையம் பின்னால் இருந்தால், பக்கக்காற்று வண்டியின் வாலைத் தள்ளி முகத்தைக் காற்றை நோக்கித் திருப்ப, வண்டி தானாகவே தன்னை நேராக்கிக்கொள்ளும். அது முன்னால் இருந்தால், சிறு திருப்பமும் தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு வண்டியைச் சுழற்றிவிடும்.

இங்கே எழும் முரண் கூர்ந்து நோக்கத் தக்கது. முகத்தை உருட்டி வாலை மெல்லென ஒடுக்கிய உடலில் அமுக்க மையம் முன்னோக்கி நகர்கிறது. காற்று இலகுவாக வழுக்கிச் செல்லும் வடிவமே பக்கக்காற்றில் எளிதாகத் திரும்பிவிடும் வடிவமாகவும் அமைகிறது. கூரிய விளிம்போடு வெட்டுண்ட பின்பகுதி தடையைக் கூட்டினாலும், திருப்பும் போக்கைத் தணிக்கிறது. 1938 ஜனவரி 28ஆம் நாள் பிராங்பேர்ட்டுக்கும் டாம்ஸ்டாட்டுக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில் ருடோல்ப் கராச்சியோலா மேர்சிடிஸ் வண்டியில் மணிக்கு 432 கிலோமீற்றரைக் கடந்த சில மணி நேரத்துள், அதனை முறியடிக்கப் புறப்பட்ட பேர்ன்ட் ரோஸ்மேயர், முழுதும் மூடப்பட்ட ஓட்டோ யூனியன் வண்டி பக்கக்காற்றில் தடம் விலகிச் சிதறியதில் உயிரிழந்தார். அக்காலத்தின் மிகத் தேர்ந்த ஓட்டுநர்களுள் ஒருவரையும் மிகத் தேர்ந்த பொறியியலையும் காற்றின் ஒரு வீச்சு அன்று வென்றது. சோளகம் வலுத்து வீசும் நாளில் கடற்கரைச் சாலையில் உந்துருளி ஓட்டியவர்க்கு இவ்விசையின் சிறு சுவை தெரியும்; மணிக்கு 320 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு 20 கிலோமீற்றர் பக்கக்காற்றே காற்றின் திசையை மூன்றரைப் பாகைக்கு மேல் திருப்பப் போதுமானது.

உப்புத் தரை இச்சிக்கலை இரட்டிப்பாக்குகிறது. ஆனையிறவு உப்பளத்தின் பாத்திகளைக் கண்டு பழகிய கண்களுக்குப் பொன்வில் ஓர் எல்லையற்ற பாத்தியாகத் தோன்றும். வற்றிப்போன பேரேரி ஒன்றின் எச்சமான அவ்வெளி ஒவ்வோராண்டும் மழைநீரில் மூழ்கி, கோடையில் உலர்ந்து இறுகுகிறது. இறுகிய நிலையிலும் ஈரம் கலந்த உப்பின் பிடி தார்ச்சாலைக்கு நிகராகாது. உராய்வுக் குணகத்தை 0.5 என்றும், வண்டியின் திணிவு 1,400 கிலோகிராம், அதில் 55 வீதம் பின்சக்கரங்களின் மேல் என்றும் கொண்டால், வழுக்காமல் தரையைத் தள்ளக்கூடிய உச்ச விசை சுமார் 3,780 நியூற்றன். காற்றுத்தடை மட்டுமே 3,300 என முன்னர் கண்டோம். உப்பின் மீது உருள்வதற்கான எதிர்ப்பையும் சேர்த்தால் மிச்சம் ஏதும் இல்லை. இயந்திரத்தில் இன்னும் நூறு பரிவலு இருந்தாலும் அது ரயரைச் சுழற்றி உப்பைத் தூற்றவே பயன்படும். வழுக்கிச் சுழலும் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடியும் இல்லாமற் போவதால், அத்தருணத்திலேயே வண்டி வாலைச் சுழற்றத் தொடங்கும். ஈயத்தைப் பின்னால் ஏற்றினால் பிடி கூடுகிறது, ஆனால் புவியீர்ப்பு மையமும் பின்னே நகர்ந்து நிலைப்பைக் கெடுக்கிறது. முன்னால் ஏற்றினால் நிலைப்பு கூடி, பிடி குறைகிறது. காற்று உடலின் அடியில் புகுந்து வண்டியைத் தூக்குமாயின் இரண்டும் ஒருங்கே கெடும். எனவே முகத்தைத் தாழ்த்தி, அடியில் புகும் காற்றைக் குறைத்து, நிறையை இரு அச்சுக்களுக்கும் நடுவே செறியவைத்து, தடைக் குணகத்தில் நூற்றில் சில பங்கை விட்டுக்கொடுத்தேனும் பின்பகுதியின் பக்கப்பரப்பைக் காப்பதே அறிவுடைய தெரிவு. தடை குறைந்த வண்டி ஒரு நாளின் சாதனையைத் தரலாம். பொன்வில்லின் விதி இரண்டு ஓட்டங்களின் சராசரியைக் கேட்கிறது, இரண்டாவது ஓட்டத்துக்கு வண்டியும் மனிதரும் முழுதாகத் திரும்ப வேண்டும்.

இத்தகைய உடலை இலங்கையில் அமைக்க இயலாதெனக் கருதுவதற்கு இடமில்லை. பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளைச் சூழ்ந்து வளர்ந்த தகட்டு வேலைத் திறன், சேதமுற்ற வண்டியின் வளைவை வெறும் கண்ணாலும் உள்ளங்கையாலும் மீட்டெடுப்பது. கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன், தம் பட்டறையில் மாருதி 800 இயந்திரத்தை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளை உருவாக்கி, ஓர் இளந்தலைமுறையை ஓட்டுநராக்கினார். 1995இல் அவர் மறைந்த பின் அந்நகருக்கு அருகே அமைந்த பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. வேண்டுவது அளந்தறியும் பழக்கம். காற்றுச் சுரங்கம் கிடைக்காவிடினும், உடலெங்கும் விரல் நீளக் கம்பளி நூல்களை ஒட்டி, ஓடுதளத்தில் அருகே செல்லும் வண்டியிலிருந்து படமெடுத்தால், நூல் படிந்து கிடக்கும் இடத்தில் காற்று ஒட்டிச் செல்வதும், துடிக்கும் இடத்தில் பிரிந்துவிட்டதும் கண்கூடாகத் தெரியும். அடுத்தது, வண்டியை 120 கிலோமீற்றருக்கு ஏற்றி, கியரை விடுவித்து, தானாகவே வேகம் குறைய விட்டு அளப்பது. முன்னர் கூறிய 1,400 கிலோகிராம் வண்டி அக்கதியில் ஒவ்வொரு செக்கனிலும் மணிக்குச் சுமார் 1.9 கிலோமீற்றர் வீதம் வேகம் இழக்கும். காற்றுத்தடையை ஐந்தில் ஒரு பங்கு குறைத்த உடலோடு அது 1.6 ஆகும். ஒரே நாளில், காற்றடங்கிய விடியற்பொழுதில், இரு திசைகளிலும் ஓடிப் பெறும் இவ்வேறுபாடு எந்தப் பட்டறைப் பேச்சையும்விட நம்பத் தக்கது.

பொன்வில்லின் உப்புப் படையே மெலிந்துவருகிறது. 1949 முதல் நடைபெறும் வேக வாரம் 2014, 2015, 2022ஆம் ஆண்டுகளில் தரையின் நிலை காரணமாகக் கைவிடப்பட்டது. ஓடக் கிடைக்கும் நாட்கள் அருகும்போது, முதல் ஓட்டத்திலேயே நேராக ஓடும் உடலின் பெறுமதி இன்னும் உயர்கிறது.

உடலின் வரைபடத்தில் கடைசியாக இடம் ஒதுக்கப்பட்டு, முதலிலேயே சிந்திக்கப்பட வேண்டியது, வண்டியை நிறுத்தும் பரசூட்டின் இடம். வழுக்கும் தரையில் சக்கரத் தடுப்புகளை நம்ப முடியாமையால், அளவிடப்பட்ட மைலைக் கடந்ததும் பரசூட்டே வேகத்தைத் தணிக்கிறது. அதன் கயிறு புவியீர்ப்பு மையத்தைவிட உயரமான இடத்தில் கட்டப்பட்டால் இழுக்கும் விசை முகத்தை மேலே தூக்கும். தாழ்வான இடத்தில் கட்டப்பட்டால் பின்சக்கரங்கள் தரையை விட முனையும். அதனால் கயிற்றின் இழுப்புக்கோடு அம்மையத்தின் உயரத்திலேயே அமையுமாறு, சட்டகத்தின் பின்முனையில் உறுதியான பிடி வைக்கப்பட்டு, பரசூட் பை வெட்டுண்ட வாலின் நடுவே பதிக்கப்படுகிறது. விரிந்த கணத்தில் அது வண்டிக்குப் பின்னே நீண்டு நின்று, பட்டத்தின் வால் செய்வதையே செய்கிறது. சுழலத் தொடங்கிய வண்டியையும் அது இழுத்து நேராக்கியதுண்டு. வாலின் வடிவத்தை வரைபவர், அந்தப் பைக்கு வேண்டிய அகலத்தை அளந்துகொண்டே முதற்கோட்டை இட வேண்டும்.